கல்லறை இல்லாதவர்கள்

நவம்பர் மாதம் பிறந்தவுடன் நம் வீட்டில் ஒரு வேலை தொடங்கிவிடும். பங்குக் கோவிலில் கொடுக்கும் தாளில் நம் குடும்பத்தில் இறந்தோரின் பெயர்களையும், எதிரே அவர்கள் இறந்த நாளையும் எழுதி, காணிக்கையுடன் உறையிலிட்டுச் சேர்ப்பிக்க வேண்டும். மாதம் முழுவதும் அந்த ஆன்மாக்களுக்காகத் திருப்பலியில் மன்றாட்டு நடைபெறும். இவ்வழக்கத்தை இதனை வாசிக்கும் குடும்பத்தாருக்கு நாம் விளக்கத் தேவையில்லை. நாற்பது ஆண்டுகளாக அத்தாளை நிரப்புவது நம் பொறுப்பு. அரசு அலுவலகமொன்றில் எழுத்தராகச் சேர்ந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவர் நாம். கட்டம் போட்ட தாளைக் கண்டால் நம் கை தானே பேனாவைத் தேடும் என்று இல்லத்தரசி கேலி செய்வதுண்டு.

2024-ஆம் ஆண்டு கல்லறைத் திருநாள் சனிக்கிழமையில் வந்தது. காலையில் கடலூரில் பெற்றோரின் கல்லறைக்குப் பூவும் மெழுகுதிரியும் வைத்து, சுவாமியார் மந்திரித்துச் சென்ற பின்னர், நாமும் இல்லத்தரசியும் மதியப் பேருந்தில் சிதம்பரம் புறப்பட்டோம். மகன் குடும்பம் அங்கே இருக்கிறது. அவர்கள் பங்கில் கொடுத்த தாளையும் ஆண்டுதோறும் நாமே எழுதித் தருவது வழக்கம். எழுதும்போது ஒவ்வோராண்டும் மருமகளிடம் ஒரே கேள்வியைக் கேட்போம்: "உன் தாய்மாமன் பெயரையும் சேர்த்துவிடட்டுமா, அம்மா?" அவள் ஒவ்வோராண்டும், "வேண்டாம் மாமா" என்பாள். நாமும் விட்டுவிடுவோம். அவ்வாண்டு அவள் வேறு விடை சொன்னாள்.

"எழுதுறதுக்கு முன்னால நீங்க ஒரு படம் பாக்கணும் மாமா."

மருமகள் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில், தூத்தூர்க் கரையில் பிறந்தவள். நீரோடி, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை என்று ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கடலோரமாகக் கிடக்கும் ஊர்கள் அவை. மண் தமிழ்நாட்டு மண்ணாயினும், பங்குகள் திருவனந்தபுரம் இலத்தீன் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. அவ்வூர் ஆடவர் நம் கடலூர்ப் பக்கத்துக் கட்டுமரக்காரரைப் போல அன்றன்று சென்று திரும்புவோர் அல்லர். பனிக்கட்டியும் அரிசியும் எண்ணெயும் ஏற்றிக்கொண்டு, நாள்கணக்கில் ஆழ்கடலிலேயே தங்கிச் சுறாவும் சூரையும் பிடிப்பதில் பேர் பெற்றவர்கள். அவளுடைய தாய்மாமனும் அத்தகையவரே. பேரனின் ஞானஸ்நானத்துக்கு அவர் பெட்டி நிறையப் பனிக்கட்டியிட்டு, ஆள் கை நீளத்துக்கு ஒரு மீனை இரயிலில் கொண்டுவந்தார். நாம் வஞ்சிரம் என்பதை அவர் நெய்மீன் என்றார். வெட்டுவதற்கு நம் வீட்டு அரிவாள்மனை போதவில்லை. அவரே பின்கட்டில் அமர்ந்து, சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வெட்டிக் கொடுத்தார். அவரைப்பற்றி நம் நினைவில் நிற்கும் காட்சி அதுவே.

2017 நவம்பர் கடைசி வாரத்தில் அவர் கடலில் இருந்தார். இலங்கைக்கருகே உருவாகிய காற்றழுத்தத் தாழ்வு நவம்பர் 29-ஆம் நாள் வலுப்பெற்று, மறுநாள் குமரிக் கடலில் புயலாயிற்று. ஒக்கி என்று பெயர். வங்காள தேசம் தந்த அப்பெயருக்குக் 'கண்' என்று பொருளாம். நவம்பர் 30 மீனவரான புனித பிலவேந்திரரின் திருநாள் என்பதை வாசகர் அறிவர். கரைக்கு எச்சரிக்கை வந்தது மெய். ஆயினும் பல நாள்களுக்கு முன்பே புறப்பட்டு, கம்பியில்லாக் கருவியும் எட்டாத தொலைவில் இருந்தவனுக்கு அந்த எச்சரிக்கையைக் கொண்டுபோய்ச் சேர்க்க வழியில்லை.

நிற்க. மருமகள் காட்டிய படத்தின் பெயர் 'ஒருத்தரும் வரேல'. இயக்கியவர் திவ்யபாரதி. கையால் மலம் அள்ளும் தொழிலாளரைப்பற்றி 2017-இல் 'கக்கூஸ்' என்ற ஆவணப்படம் எடுத்தவர். 2018-இல் இந்தப் படத்தின் முன்னோட்டம் வெளிவந்தபோதே காவல்துறையின் கெடுபிடிக்கு ஆளானவர். ஒக்கிப் புயலில் பிள்ளைகளையும் கணவரையும் இழந்த கரையோரத்து மக்களின் சொற்களே அப்படம் என்று சொல்லிவிடலாம். மேசைமேல் மடிக்கணினியை வைத்து, நாமும் இல்லத்தரசியும் மகனும் அருகருகே அமர்ந்து பார்த்தோம். மருமகள் அமரவில்லை. அடுக்களை வாயிலில் நின்றுகொண்டே இருந்தாள்.

படம் ஓடத் தொடங்குமுன், அதன் பெயரைக் கண்டதுமே நம் நெஞ்சில் ஏதோ குத்திற்று. 'வரவில்லை' என்பதை நம் பக்கத்தில் 'வரல' என்போம். குமரிக் கரையில் 'வரேல' என்று சற்று இழுப்பார்கள். அந்த இழுப்பை நாம் முன்பே கேட்டிருக்கிறோம். 2017 டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு நாள் இரவு, சம்பந்தி அம்மாள் தொலைபேசியில் அழைத்து, அழுகைக்கிடையே சொன்ன சொல் அது: "அண்ணே, ஒருத்தரும் வரேல."

அதற்கு நாம் என்ன விடையிறுத்தோம் என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறோம். "அப்படிச் சொல்லாதீர்கள், சம்பந்தி. கடற்படைக் கப்பல் போயிருக்கிறது, விமானம் போயிருக்கிறது என்று செய்தியில் சொல்கிறார்கள். அரசாங்கம் சும்மா இருக்காது. பொறுமையாக இருங்கள், செபமாலை சொல்லுங்கள்" என்றோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "சரி அண்ணே" என்று வைத்துவிட்டார். அதன் பிறகு இதுபற்றி நம்மிடம் அவர் ஒருபோதும் வாய் திறக்கவில்லை.

அவ்வாறு நாம் சொன்னதற்குக் காரணம் உண்டு. 2004 டிசம்பர் 26, கிறிஸ்மஸ் மறுநாள் ஞாயிறு. தேவனாம்பட்டினத்திலும் சோனங்குப்பத்திலும் அக்கரைக்கோரியிலும், தெற்கே பிச்சாவரத்துக்கப்பால் எம்.ஜி.ஆர். திட்டு என்ற மணல் திட்டிலும் ஆழிப்பேரலை புகுந்தது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ககன்தீப் சிங் பேடி. அவர் எந்த நேரத்தில் எந்தக் குப்பத்தில் நிற்பார் என்று அலுவலர்கள் நடுங்கிக்கொண்டிருந்த காலம் அது. நாமும் பல நாள் வீடு திரும்பாமல் கிள்ளைப் பக்கத்தில் அரிசியும் பாயும் கணக்கெழுதினோம். குறைகள் இருந்தன, இல்லையென்று சொல்ல மாட்டோம். ஆனால் அரசாங்கம் வந்தது; வந்தவர்களுள் நாமும் ஒருவர். 2015-இல் வெள்ளம் வந்தபோதும் அதே அதிகாரியை மேற்பார்வைக்குக் கடலூருக்கு அனுப்பினார்கள் என்றால், மக்கள் மனத்தில் அவர் பெற்றிருந்த இடம் விளங்கும். அந்த அனுபவத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்தவரிடம், 'ஒருத்தரும் வரேல' என்று ஒரு பெண் சொன்னால், துயரத்தால் மிகைப்படுத்துகிறாள் என்றுதான் தோன்றும். நமக்கும் அப்படியே தோன்றிற்று.

படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கையில் விளங்கியது இது: நிலத்தில் நேரும் அழிவு வேறு, நீரில் நேரும் அழிவு வேறு. 2017 டிசம்பரில் நாம் தொலைக்காட்சியில் கண்டவை, குமரியில் சாய்ந்துகிடந்த வாழையும் ரப்பரும் மின்கம்பங்களும். அவற்றைக் காட்டலாம், எண்ணலாம். கடலில் கவிழ்ந்த படகையும் பலகையைப் பற்றி மிதந்தவனையும் எந்தப் படக்கருவி காட்டும்? கரையில் நின்றவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், வரவேண்டியவன் வரவில்லை என்ற ஒன்றே. கடற்படையும் கடலோரக் காவல்படையும் பலரை மீட்டன. அதை மறுப்பது அறமன்று. இலட்சத்தீவிலும் குசராத்துக் கரையிலும் ஒதுங்கியவர்களும் உண்டு. ஆனால் தேடல் காலத்தால் பிந்தியது, போதிய தொலைவு செல்லவில்லை, கடலின் போக்கறிந்த தங்களை உடனழைத்துச் செல்லவில்லை என்பதே அம்மக்களின் குற்றச்சாட்டு. பொறுக்கமாட்டாமல் தங்கள் படகுகளை எடுத்துக்கொண்டு அவர்களே தேடச் சென்றார்கள். கிடைத்த உடல்களையும் அவர்களே கொணர்ந்தார்கள்.

எத்தனை பேர் போனார்கள் என்பதிலேயே வழக்கு. அரசின் எண்ணிக்கை ஒன்று, பங்குக் கோவில்களிலிருந்து திரட்டிய எண்ணிக்கை வேறு. எந்த வீட்டில் யார் கடலுக்குப் போயிருக்கிறார் என்று பங்குச் சுவாமியாருக்குத் தெரியும். அலுவலகக் கோப்புக்குத் தெரியாது. அறுநூற்றுக்கும் மேற்பட்ட மீனவரைக் காணவில்லை என்று அந்த டிசம்பர் இறுதியில் நாடாளுமன்றத்திலேயே கூறப்பட்டது. பின்னர்ப் பலர் கரை சேர்ந்தனர். தமிழ்நாட்டிலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கானோர் சேரவேயில்லை. டிசம்பர் 7-ஆம் நாள் ஆயிரக்கணக்கான ஆணும் பெண்ணும் குழித்துறை இரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் அமர்ந்தார்கள். சம்பந்தி அம்மாளும் அக்கூட்டத்தில் இருந்தார் என்பதை, மருமகள் வாயிலாக அன்று மாலைதான் அறிந்தோம். டிசம்பர் 12-இல் முதலமைச்சர் வந்தார். 19-இல் பிரதமர் வந்தார். காணாமற்போனோர் குடும்பத்துக்கு இருபது இலட்சம் ரூபாய் என்று அறிவிப்பு வந்தது. ஒருத்தரும் வரவில்லை என்ற சொல்லுக்கு நேர்ப்பொருள் மட்டும் பார்த்தால், பெரியோர் வந்தார்கள்தாம். ஆனால், கடலில் மிதப்பவன் எத்தனை நாள் காத்திருப்பான்?

மகன் இடையில் ஒரு செய்தி சொன்னான். அமெரிக்காவில் 2005 ஆகஸ்ட் 29-ஆம் நாள் கத்ரீனா என்னும் பெரும்புயல் அடித்தபோது, நியூ ஆர்லியன்சு நகரைக் காக்க அரசாங்கம் கட்டியிருந்த கரைகள் உடைந்து, நகரில் ஐந்தில் நான்கு பங்கு நீரில் மூழ்கிற்றாம். கூரைமேல் ஏறி நின்றவர்கள் நாள்கணக்கில் கையசைத்துக்கொண்டிருந்தனர். குடியரசுத் தலைவர் புஷ் விமானத்துச் சன்னல் வழியே வெள்ளத்தை நோக்கும் புகைப்படம் உலகமெங்கும் வெளிவந்தது. ஸ்பைக் லீ என்ற இயக்குநர் அதைக்குறித்து 2006-இல் நான்கு மணி நேர ஆவணப்படம் ஒன்று எடுத்து, அதற்கு 'நான்கு அங்கங்களில் ஒரு ரெக்குவியம்' என்று துணைப்பெயர் இட்டார். ரெக்குவியம் என்றால் என்னவென்று மகனுக்குத் தெரியவில்லை. நம் தலைமுறைக்குத் தெரியும். குருவானவர் கறுப்பு உடுப்பணிந்து, இலத்தீனில் பாடிய மரித்தோர் பூசை அது. சவப்பெட்டி இல்லாதபோதும், வெறும் கூட்டின்மேல் கறுப்புத் துணி விரித்து, சுற்றிலும் மெழுகுதிரி வைத்துப் பாடியதைச் சிறுவயதில் கண்டிருக்கிறோம். அப்படிப்பட்ட வெற்றுக் கூட்டை அக்காலத்துப் பெரியோர் ஏன் வைத்தார்கள் என்று அன்றைக்கு நாம் யோசித்ததில்லை.

ஆனால் நம்மைப் படம் முடிந்த பின்னும் எழவொட்டாமல் செய்தது கத்ரீனாவும் அன்று, ஒக்கியும் அன்று. 2011 டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை விடியலில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. மணிக்கு நூற்றிருபது கிலோமீட்டருக்கு மேல் காற்று. நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பண்ணுருட்டிப் பலாவும் குறிஞ்சிப்பாடிப் பக்கத்து முந்திரிக்காடும் ஒரே காலையில் வேரோடு சாய்ந்தன. தாத்தா நட்ட பலாவைப் பேரன் வெட்டி விறகாக்கினான். பல சிற்றூர்களில் வாரக்கணக்கில் விளக்கெரியவில்லை. அப்போது மரக்கணக்கெடுக்கச் சென்றவர்களுள் நாமும் இருந்தோம்.

ஓர் ஊரில் வயது முதிர்ந்த விதவை ஒருத்தி நம் மேசையருகே வந்து நின்றாள். பிறர்க்குரிய முந்திரித் தோப்பை அவ்வாண்டுக் குத்தகைக்கு எடுத்து, பூப்பதற்கு முன்பே முழுப் பணத்தையும் கொடுத்திருந்தாள். தோப்பு விழுந்தது. தோப்புக்காரருக்கு அவருடைய மரத்துக்கு நிவாரணம் உண்டு. பணத்தைக் கடன் வாங்கிக் கொடுத்தவளுக்கு? "பட்டா யார் பெயரில் இருக்கிறது?" என்று கேட்டோம். சொன்னாள். "அப்படியானால் உங்கள் பெயரை எழுதக் கட்டம் இல்லையம்மா" என்றோம். கடுமையாகச் சொல்லவில்லை, கனிவாகவே சொன்னோம். அவள் நெடுநேரம் அங்கேயே நின்றாள். மாலையில் நாங்கள் தாள்களைக் கட்டிக்கொண்டு வண்டியேறும்போது, "எங்களுக்குன்னு யாருமே வரலியே ஐயா" என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னாள். நாம் வண்டியில் இருந்தோம். அவள் கண்ணெதிரே காலை முதல் மாலை வரை ஒரு மேசை போட்டு அமர்ந்திருந்தோம். யாரும் வரவில்லையாம்! நன்றியில்லாப் பேச்சு என்று உடன் வந்தவரிடம் சொன்னதும் நினைவிருக்கிறது.

அந்த முகம் பதின்மூன்று ஆண்டுகளாக நமக்கு நினைவில் எழுந்ததேயில்லை. மகன் வீட்டு மேசையில் அமர்ந்திருக்கையில் எழுந்தது.

வெளியே இருட்டியிருந்தது. மருமகள் காப்பி கொண்டுவந்து வைத்தாள். எல்லாரும் பேசாமல் குடித்தோம். இல்லத்தரசிதான் முதலில், "உங்கம்மா தூங்கியிருப்பாங்களா?" என்று கேட்டாள். மருமகள் எண்ணை அழுத்தி, கருவியை நம் கையில் கொடுத்தாள். நம் குரலைக் கேட்டதும் சம்பந்தி அம்மாள் பதறி, "அண்ணே, பிள்ளைகளுக்கு ஒண்ணுமில்லையே?" என்றார். ஒன்றுமில்லை, படம் பார்த்தோம் என்றோம். அவருக்கு எந்தப் படம் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. "அன்றைக்கு நீங்கள் சொன்னதை நாங்கள் நம்பவில்லை, சம்பந்தி" என்று மட்டும் சொன்னோம். வேறு பேச்சு வரவில்லை.

மறுமுனையில் மூச்சொலி கேட்டது. பின்னர் அவர் பேசத் தொடங்கினார். ஏறக்குறைய ஒரு மணி நேரம் பேசினார். தம்பியின் படகு எந்த நாளில் கிளம்பிற்று, யார் யார் அதில் சென்றார்கள், அவர்களுள் எவன் புதுமாப்பிள்ளை, எந்தப் படகுக்காரர் கடைசியாக அவர்களைக் கண்டார், கடலோரத்தில் எத்தனை இரவு மண்ணெண்ணெய் விளக்கோடு உட்கார்ந்திருந்தார்கள் என்று ஒவ்வொன்றாக. சாதாரணமாகக் காணாமற்போன ஒருவரை இறந்தவராகக் கொள்ளச் சட்டம் ஏழாண்டு காத்திருக்கும். ஒக்கிக்காக அதைத் தளர்த்திச் சான்றிதழ் கொடுத்தார்கள். பணம் வந்தது, பிள்ளைகளின் படிப்புக்கு ஆயிற்று. ஆனால் அந்தச் சான்றிதழை வாங்கக் கையெழுத்துப் போட்ட நாள் முதல் தம்பி மனைவி அக்காவுடன் சரியாகப் பேசுவதில்லையாம். அரசாங்கத்துக்கு அவர் இறந்தவர். அவளுக்கு இன்னும் இல்லை. பின்னாளில் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் என்றொரு கருவி கொடுத்தார்களே என்று நாம் கேட்டதற்கு, "கொடுத்தாங்க, நல்லதுதான் அண்ணே" என்று அந்தப் பேச்சை அதோடு முடித்துவிட்டார்.

கடைசியில் தாளைப்பற்றிக் கேட்டோம். நவம்பர் மன்றாட்டில் பெயரைச் சேர்க்கலாமா, கூடாதா? சேர்க்காவிட்டாலும் குறையொன்றுமில்லை, நாம் வீட்டில் தனியே செபித்துக்கொள்வோம் என்றும் சொன்னோம். அவர் உடனே விடை சொல்லவில்லை. தம்பி மனைவியைக் கேட்டுக் காலையில் சொல்வதாகக் கூறினார்.

ஞாயிறு காலை பூசைக்குப் புறப்படும் நேரத்தில் அழைப்பு வந்தது. தம்பி மனைவியே பேசினார். நாம் அவருடன் அதற்குமுன் இரண்டொரு சொல்லுக்கு மேல் பேசியதில்லை. "எழுதிக்கிடுங்க அண்ணே. ஆனா தேதி போடாண்டாம்" என்றார்.

மேசையில் தாளை விரித்து, நம் பெற்றோருக்கும் அண்ணனுக்கும் சிறிய தாயாருக்கும் கீழே அவர் பெயரை எழுதினோம். இறந்த நாள் என்ற கட்டம் அப்படியே இருந்தது. பேரன் எட்டிப் பார்த்து, "தாத்தா, இங்க ஒண்ணு விட்டுட்டீங்க" என்று விரலை வைத்தான். அவனுடைய ஞானஸ்நானத்துக்கு மீன் கொண்டுவந்தவர் இவர் என்று சொல்லி, உறையை அவன் கையிலேயே கொடுத்து, கோவிலுக்கு நடந்தோம்.